மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டியின் நினைவை எப்படி அளப்பது?

நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். வந்ததிலிருந்து இன்னொரு ஏழு. 93, 86, 79, 72, 65. மறதி நோயைச் (டிமென்ஷியா) சோதிக்க உலகெங்கும் பயன்படுத்தப்பட்டுவரும், 1975இல் வெளியான எம்.எம்.எஸ்.இ. என்ற தாளில் இந்தக் கழித்தலுக்கு ஐந்து மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய ஒன்று. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத ஒன்று. ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய ஒன்று. ஆக, 30 மதிப்பெண்ணில் எட்டு பள்ளிக்கூடத்தில் சம்பாதிக்க வேண்டியவை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியை இந்தத் தாளுக்கு முன் உட்கார வைத்துப் பாருங்கள். வயது எண்பதுக்கு மேல். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று நிறுத்தப்பட்டவர். அந்த எட்டும் போய்விட்டால், மற்ற எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் 22தான் வரும். 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கமான எல்லைக்கோடு. நினைவில் ஒரு பழுதும் இல்லாதவரைத் தாள் நோயாளி ஆக்கிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, அதே தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர் 27 வாங்கி, 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஒரு காலத்தில் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தவர் அவர் என்பது தாளுக்குத் தெரியாது.

முதியோர் மனநல ஆராய்ச்சியில் சிலர் தங்கள் பணிவாழ்வின் பெரும்பகுதியை இந்த ஒரு கோளாறைச் சரிசெய்யவே கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஹியூ ஹெண்ட்ரியும் அவருடன் பணியாற்றிய கேத்லீன் ஹாலும், கனடாவின் மானிடோபா மாநிலத்தில் வாழும் கிரீ பழங்குடி முதியவர்களுக்காகச் சி.எஸ்.ஐ.டி. என்ற கேள்விக்கொத்தை உருவாக்கினார்கள். பள்ளிப் படிப்பை நம்பாத கேள்விகள் அவை. பிறகு அதையே நைஜீரியாவின் இபாடான் நகரத்து யொரூபா மக்களிடமும், இண்டியானாபொலிஸில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் கொண்டுபோனார்கள். 2001இல் வெளியான முடிவில், புதிதாக மறதி நோய் காண்பவர்களின் விகிதம் இபாடானில், இண்டியானாபொலிஸில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. ஊருக்கு ஊர் கருவி மாறியிருந்தால் இப்படி ஒப்பிட்டிருக்கவே முடியாது.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மார்ட்டின் பிரின்ஸ். 1998இல் தொடங்கிய இவர்களின் குழுவுக்கு 10/66 என்று பெயர். மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்ற கணக்குதான் அந்தப் பெயர். 2003இல் வெளியான இவர்களின் ஆய்வு அமைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். மறதி நோயாளிகளையும் நலமானவர்களையும் மட்டும் வைத்துச் சோதித்தால் எந்தக் கருவியும் நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியும். அதனால் நான்கு கூட்டத்தாரை எடுத்தார்கள்: மறதி நோய் உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், அதிகம் படித்த நலமானவர்கள், குறைவாகப் படித்த நலமானவர்கள். மனச்சோர்வு, படிப்புக் குறைவு என்று கருவி தடுக்கி விழக்கூடிய இரண்டு பள்ளங்களையும் வேண்டுமென்றே வழியில் வெட்டி வைத்தார்கள். சென்னையும் வேலூரும் இந்தக் குழுவின் ஆய்வு மையங்கள் என்பதால் தமிழிலும் இதற்கு அனுபவம் உண்டு.

இந்த 10/66 சோதனையின் நடுவே ஒரு பத்துச் சொல் பட்டியல் இருக்கிறது. கேட்டவுடன் கண்ணுக்குள் படமாக வரும் எளிய சொற்கள். இரண்டு விநாடிக்கு ஒன்றாகச் சத்தமாகச் சொல்லி, நினைவுள்ளதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இப்படி மூன்று சுற்று. நலமான மூளை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஏறும்: நாலு, ஆறு, ஏழு என்பதுபோல. பிறகு வேறு கேள்விகளுக்குப் போய்விட்டுச் சில நிமிடம் கழித்து, 'முன்னே சொன்னேனே சில சொல்லு, ஞாபகம் இருக்கா பாட்டி?' என்று கேட்பார்கள். மறதி நோயின் மிகப் பொதுவான வகையான அல்சைமர் முதலில் காட்டிக்கொடுப்பது இங்கேதான். புதிய அனுபவத்தைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியும் அதை ஒட்டிய மூளைப் புறணியும் நோயின் தொடக்கத்திலேயே சிதைவதால், ஏறிய சொற்கள் தங்குவதில்லை. குறிப்புக் கொடுத்தாலும் வராது. பட்டியல் சொன்னதே நினைவிருக்காது.

அதே பாட்டியிடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டுக் கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது, பால் பிடிக்கும் மங்கை (கிண்ணத்தை) திருப்பி வைக்க வேண்டும் என்று கை அசைத்துக் காட்டுவார். பழகிய கைவேலை மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா (basal ganglia) என்ற பகுதியிலும் சிறுமூளையிலும் பதிந்திருப்பது. அங்கே நோய் வர நாளாகும். வெகுநாளைக்கு முன் பதிந்த நினைவுகளும் புதியவற்றுக்குப் பிறகுதான் போகும். 'ஐம்பது வருஷத்துக்கு முந்தின கதையெல்லாம் சொல்றாங்க, இவங்களுக்கா மறதி?' என்று வீட்டார் ஏமாறுவது இதனால்தான். கேட்க வேண்டியது பழங்கதையை அல்ல; 'காலையிலே என்ன பசியாறினீங்க?' என்பதை. பதிலை வீட்டாரிடம் சரிபார்க்கவும் வேண்டும், ஏனென்றால் 'வழக்கம்போலத்தான்' என்ற பதில் பெரிய ஓட்டையை அழகாக மூடிவிடும்.

சோதனை கெட்டுப்போகும் வழிகள் மிகச் சாதாரணமானவை. காது கேளாமை முதல் காரணம். சொல் காதில் விழாதவருக்கு அது நினைவில் எப்படி நிற்கும்? குரும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, கத்தாமல் கனத்த குரலில் நிதானமாகப் பேச வேண்டும். கண்ணாடியைப் போட்டுவிடச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும். பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் பேரனை வெளியே அனுப்ப வேண்டும். கேள்வியின் தமிழும் முக்கியம்: சடக்கு, காடி, பாசார் என்று பேசியே வாழ்ந்தவரிடம் சாலை, மகிழுந்து, சந்தை என்று கேட்டால் நாம் அளப்பது நினைவை அல்ல. 'இது என்ன பருவம்?' என்ற எம்.எம்.எஸ்.இ. கேள்வி வெயிலும் மழையும் மட்டுமே உள்ள பேராக்கில் யாருக்குமே பொருந்தாது. பிறந்த தேதி சரியாகத் தெரியாதவருக்கு ஊர் நிகழ்ச்சிகளைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம், அங்கே தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட 1948 ஜூன் 16. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக ஆங்கிலேய ஆட்சி அறிவித்த மலாயா அவசரகாலம் பிறந்தது அதிலிருந்துதான். அப்போது தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றாரா, அல்லது அவரே தாய் இடுப்பில் இருந்தாரா என்பது ஓரிரு வருட வித்தியாசத்தில் வயதைச் சொல்லிவிடும்.

சோதனையின் இரண்டாவது பாதி, பாட்டியை விட்டுவிட்டு வீட்டாரிடம் கேட்பது. பொருளை வைத்த இடம் மறக்கிறாரா, காசு எண்ணுவதில் தடுமாற்றமா, பழகிய வழியில் தொலைந்துபோகிறாரா, சமையலில் முன்பு செய்ததில் எதை இப்போது செய்வதில்லை? ஒப்பிடுவது பக்கத்து வீட்டுக்காரரோடு அல்ல, பத்து வருடம் முந்தைய அவரோடேயே. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'சமைப்பதில்லை' என்ற பதிலை அப்படியே குறிக்கக் கூடாது. முட்டிவலியால் நிற்க முடியவில்லையா, மருமகள் அடுப்படிக்கே விடுவதில்லையா, அல்லது ரசத்துக்குப் புளியை இரண்டுமுறை கரைக்கிறாரா? மூன்றாவது மட்டுமே மறதிக் கணக்கில் சேரும். 2008இல் 10/66 குழு கண்டது இதோடு தொடர்புடையது: அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக வீட்டார் சொன்னால்தான் நோய் என்னும் அமெரிக்க அளவுகோலில், இந்தியக் கிராமங்களில் மறதி நோயே இல்லாததுபோல் எண்ணிக்கை வந்தது; 10/66 முறையில் பல மடங்கு. பெரியவர்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காத வீட்டில் சரிவு யார் கண்ணிலும் படாது. 'வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்' என்பது அன்பில் வரும் வார்த்தைதான். ஆனால் அதனால் இழக்கும் வருடங்கள் திரும்ப வருவதில்லை.

பெயர் மாறிப்போகும் இரண்டு நோய்களை எப்போதும் தனியே பிரிக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பம், காலையில் தெளிவு மாலையில் உளறல் என ஏறியிறங்கினால், அது மறதி நோய் அல்ல, டெலீரியம். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, உப்புச் சத்துக் குறைவு, இனிப்புநீர் மாத்திரையால் சர்க்கரை இறங்குவது, சளிக்குக் கொடுத்த தூக்கம் வரும் மாத்திரை ஆகியவை வழக்கமான காரணங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் நடுவிலேயே கவனம் அறுந்துவிடும். இது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். மற்றொன்று மனச்சோர்வு: சில வாரங்களில் படியும், முயன்று தவறாகச் சொல்வதைவிட 'தெரியலையே' என்று முயலாமலே விடுவார், விடியுமுன் விழிப்பு வரும். இதற்கான 15 ஆம்-இல்லைக் கேள்விகளில், வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா என்று ஒன்று வரும். தோட்டத்து வீட்டை விட்டு லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் நாலாவது மாடிக்கு வந்தவர் 'ஆமாம்' என்றால், அதற்குப் படிக்கட்டும் காரணமாக இருக்கலாம். பல வருடமாக இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் தைராய்டையும் இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும்; இரண்டும் மருந்தால் சரியாகக்கூடியவை.

'மனநல டாக்டர்' என்றாலே பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை நினைவுக்கு வந்து பலர் பின்வாங்குகிறார்கள். போக வேண்டிய முதல் இடம் அரசு கிளினிக்தான். வழக்கமான இனிப்புநீர், இரத்த அழுத்தச் சோதனைக்குப் போகும்போதே மறதியைப் பற்றியும் சொல்லலாம். கூடப் போகிறவர் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது: எப்போது தொடங்கியது, முன்பு செய்துவந்ததில் எது நின்றது, என்னென்ன மாத்திரை. மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போவது இன்னும் நல்லது. பக்கத்து வீட்டில் கொடுத்த மாத்திரையும் அதில் இருக்கட்டும்.