மேப்பிள் எந்தத் தேதியில் சிவக்கும்?

டொராண்டோவிலிருந்து கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள கேப் பிரட்டன் தீவுக்குக் காரில் போவதென்றால், போக மட்டும் சுமார் 2,000 கி.மீ. இரண்டு வார விடுப்பில் நாலைந்து நாள் சாலையிலேயே கழிந்துவிடும். அவ்வளவு தூரம் ஓட்டிப் போய், மேப்பிள் மரங்கள் பச்சையாகவோ மொட்டையாகவோ நின்றால்? அதனால்தான் “அக்டோபர் எத்தனாம் தேதி போகலாம்?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், கேள்வியே கோணல். அந்தத் தீவின் மலைப்பகுதிக்கு ஒரே தேதி கிடையாது.

முதலில் இலையைப் பார்ப்போம். கோடை முழுக்கப் பச்சையம் ஒரு பக்கம் சிதைய, ஒரு பக்கம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். பகல் குறுகக் குறுக, மரம் புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டு, இருப்பதை உடைத்து அதோடு சேர்ந்த நைட்ரஜனைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்கிறவர் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போவாரே, அந்த மாதிரி. பச்சை போனதும் மஞ்சள் தெரிகிறது. கரோட்டினாய்டு என்னும் அந்த மஞ்சள் நிறமி கோடையிலும் அங்கேதான் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. பிர்ச் மரம் மஞ்சளாவது இப்படித்தான்.

சிவப்பு வேறு கதை. ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி, இலை உதிரப்போகும் நேரத்தில் புதிதாகத் தயாராகிறது. அதற்குச் சர்க்கரையும் வெளிச்சமும் வேண்டும். காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து வழியை அடைக்க, இலை செய்த சர்க்கரை உள்ளேயே தேங்குகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று சில நாள் வாய்த்தால் சிவப்பு அள்ளும். வெளிச்சத்தின் பங்கை நம்பாதவர்கள் மரத்தடியில் சிவந்த இலைகளைப் பொறுக்கிப் பார்க்கலாம். சிலவற்றில், சிவப்புக்கு நடுவே இன்னோர் இலையின் ஓரம் மஞ்சளாக அச்சடித்தது போலப் பதிந்திருக்கும். மரத்தில் இருந்தபோது மேலே இருந்த இலை வெயிலை மறைத்த இடம் அது.

சரி, சாலைக்கு வருவோம். கேபட் டிரெயில் தீவின் வடபகுதியை வளைத்து ஓடும் 298 கி.மீ. சுற்றுச்சாலை. கடலோரத்திலிருந்து விறுவிறுவென்று 400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபடி கடலுக்கே இறங்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரைக் குறைத்து வாருங்கள். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும். ஆனால் மேட்டின் உச்சியில் பெரும்பாலும் ஃபிர், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள்தான், அவை நிறம் மாறாது. வண்ணமெல்லாம் சரிவிலும் பள்ளத்தாக்கிலும்.

அங்கேதான் கடல் குறுக்கிடுகிறது. தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறும். கோடையில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடா சேர்த்துவைத்த வெப்பம் அக்டோபரில் கரையோர இரவுகளை மிதமாக வைக்கிறது. உள்ளே தள்ளியிருக்கும் பள்ளத்தாக்குகளிலோ, மேகமில்லாத இரவில் கனத்த குளிர்காற்று சரிந்து இறங்கித் தேங்கிவிடும். ஆகவே அங்கே முன்னால் சிவக்கும், கடலோரம் பின்னால். ஒரே சாலையில் அரை மணி நேர ஓட்டத்துக்குள் இரண்டு பருவங்கள் என்றுகூடச் சொல்லலாம்.

எனவே என் யோசனை: அக்டோபர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் ஒரு சுற்று, நடுவில் அதே தீவிலுள்ள பழைய லூயிஸ்பர்க் கோட்டை, கிளம்புமுன் இன்னொரு சுற்று. முதல் சுற்றில் பச்சையாக விட்டுவந்த சரிவு இரண்டாவதில் பற்றி எரிந்துகொண்டிருக்கலாம். கடலை ஒட்டிய பக்கமாகவே ஓட்ட வேண்டுமென்றால் கடிகாரச் சுற்றுக்கு எதிராகப் போக வேண்டும், அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. கனடாவின் நன்றி நவிலல் நாள் அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை. அந்த வார இறுதிக்கு மட்டும் அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

அப்புறம் காற்று. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மேட்டைத் தாண்டி, மேற்குச் சரிவில் ஷெட்டிகாம்ப் என்னும் ஊர்ப் பக்கம் அருவி போலக் கொட்டும். அங்குள்ள பிரெஞ்சு வம்சாவளியினரான அகாடியர்கள் அதை லே சுவெட் என்கிறார்கள், பிரெஞ்சில் தென்கிழக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல் அடித்த நாள்கள் உண்டு. காம்பில் அந்தத் தக்கை அடுக்கு முற்றிய இலை அதற்கு எந்த மூலைக்கு? வானிலை அறிக்கையில் தென்கிழக்குக் காற்று என்று கண்டால், திட்டத்தை மாற்றி முந்தின நாளே ஷெட்டிகாம்புக்குப் போய்விடுங்கள்.