பொய்ப் பீரங்கி: வெருளியா, பார்வையா?

மரக்கட்டையைச் சீவிக் கருஞ்சாயம் பூசி, தொலைவிலிருந்தோ வானிலிருந்தோ நோக்கும் பகைவனுக்குப் பீரங்கியாகக் காட்டும் உத்தி ஆங்கிலத்தில் ‘குவேக்கர் கன்’ என்றும் ‘டீகாய்’ என்றும் வழங்குகிறது. தமிழில் இரண்டையும் ‘போலிப் பீரங்கி’ என்று எழுதிவிடலாம். ஆனால் அவற்றின் பிறப்பும் வேறு, வேலையும் வேறு.

குவேக்கர்கள் போரையே மறுக்கும் கிறித்தவப் பிரிவினர். சுடாத பீரங்கிக்கு அவர்கள் பெயரை இட்டது ஒரு குறும்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861-62 குளிர்காலத்தில், வர்ஜீனியாவின் சென்ட்டர்வில் அரண்களில் தென்னகப் படை இத்தகைய கட்டைகளை நிறுத்தி வைத்திருந்தது. 1862 மார்ச்சில் அப்படை பின்வாங்கிய பிறகே குட்டு வெளிப்பட்டு, வடபடைத் தளபதி மெக்கிளெல்லன் நகைப்புக்கு ஆளானார். 1942 ஏப்ரல் 18 அன்று டோக்கியோ முதலிய ஜப்பானிய நகரங்களைத் தாக்கச் சென்ற அமெரிக்காவின் டூலிட்டில் அணியின் பி-25 குண்டுவீச்சு விமானங்கள், வாலில் கறுப்புச் சாயம் பூசிய துடைப்பக் கட்டைகளைச் செருகிக்கொண்டு பறந்ததும் இவ்வகைதான்: பின்தொடரும் விமானி அவற்றை இயந்திரத் துப்பாக்கிகள் என்று அஞ்சி விலக வேண்டும். கொல்லையில் பறவைகளை விரட்டும் பொம்மைக்குத் தமிழில் ‘வெருளி’ என்று பெயருண்டு. எனவே இதனை ‘வெருளிப் பீரங்கி’ எனலாம்.

‘டீகாய்’ விரட்டுவதன்று, இழுப்பது. கூண்டைக் குறிக்கும் ‘கோய்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து அது வந்ததென்பர். பழக்கிய வாத்துகளைக் காட்டிக் காட்டு வாத்துகளை வலைமூடிய வாய்க்காலுக்குள் வரவழைக்கும் குளப்பொறியின் பெயர் அது. விமானம் தன் குண்டுகளைப் பொய்யான பீரங்கித் தளத்தில் கொட்டிவிட்டுத் திரும்புமானால் உண்மைப் பீரங்கி பிழைக்கும். இதற்கு நேரான சொல்லை நாம் தேடி அலைய வேண்டியதில்லை. காட்டு விலங்கை ஈர்த்துப் பிடிக்க வேட்டுவர் பழக்கிய விலங்கைச் சங்க இலக்கியம் ‘பார்வை’ என்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாடலில் வேட்டுவன் அயர்ந்து உறங்க, அவன் கட்டிவைத்த ‘பார்வை மடப்பிணை’யோடு, அதாவது பழக்கிய பெண்மானோடு, காட்டுக் கலைமான் (ஆண்மான்) ஒன்று விளையாடுகிறது, கணவன் விழித்துவிடுவானோ, கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்று மனைவி அஞ்சியிருக்கிறாள். ‘பார்வைப் பீரங்கி’ என்றால் இன்றைய வாசகர் நோட்டமிடும் பீரங்கி என்று மயங்கக்கூடும் என்பது மட்டுமே தயக்கம். ஒருமுறை விளக்கிவிட்டால் அது தீரும்.

இரண்டுக்கும் பொதுப்பெயராகப் ‘பொய்ப் பீரங்கி’யே என் தேர்வு. போலி மருந்து, போலி மருத்துவர் என்னும்போது வாங்குபவரை ஏமாற்றும் மோசடி முன்னிற்கிறது. பொய்க்கால் குதிரையின் ‘பொய்’யிலோ செய்நேர்த்தி இருக்கிறது. 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் போருக்கு முன் முனாசிப் பள்ளத்தில் பிரித்தானியர் அமைத்த பீரங்கிகள் இவ்விரு வகையிலும் அடங்கா. அவை பொய்யென்று எதிரி கண்டுகொள்ள வேண்டும் என்றே கவனிப்பாரற்று விடப்பட்டன. பிறகு, இரவோடு இரவாக, அதே இடங்களில் உண்மைப் பீரங்கிகள் வந்து அமர்ந்தன.