துளை சின்னது, இழை பெரிது

கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பழைய பொலித்தீனை உருக்கிக் குருணையாக வெட்டுகிறார்கள். மெஷின் வாயில் இருக்கும் துளைத்தட்டு அசல் இடியப்ப உரல் மாதிரி. துளை 3 மில்லிமீட்டராம். மெஷின் கிளம்பியதும் வந்த முதல் துண்டை வாயோரமாக வெட்டி, ஆறவிட்டு அளந்தேன்: கிட்டத்தட்ட 5.

"துளை தேய்ஞ்சு போச்சா அண்ணே?"

"புதுத் தட்டு தம்பி. இது அப்படித்தான் ஊதும்."

இடியப்ப மா இப்படி ஊதாது. பொலித்தீன் ஊதுவதற்குக் காரணம் அதன் மூலக்கூறு. ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் கோத்த நீளச் சங்கிலி அது. உருகிய நிலையில் சிக்கு விழுந்த நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். ஒடுங்கிய துளைக்குள் தள்ளினால் அந்தச் சுருள்கள் ஓட்டத்தின் திசையில் இழுபட்டு நீள்கின்றன. வெளியே வந்ததும் பிடித்துவைக்கச் சுவர் இல்லை. மறுபடி சுருள்கின்றன, இழை நீளத்தில் குறுகிப் பக்கவாட்டில் பருக்கிறது. துளையின் நீளத்தைக் கூட்டினால், உள்ளேயே கொஞ்சம் தளர நேரம் கிடைப்பதால் ஊதல் குறையும். கார்ல் பாருஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை 1893இலேயே ஒரு பசையில் கண்டு எழுதிவிட்டார். பொலித்தீன் பிறந்தது அதற்கு 40 வருடம் கழித்து!

சங்கிலிகள் நீள்வதில் ஒரு லாபமும் உண்டு. கித்துள் பாணியை ஒரு குழாய் வழியே தள்ளுகிறோம் என்று வையுங்கள். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி, அதே அளவு பாணி அதே நேரத்தில் வரவேண்டுமென்றால் அழுத்தம் 16 மடங்கு வேண்டும். உருகிய பொலித்தீனுக்குப் பெரும்பாலும் நாலைந்து மடங்கே போதும். வேகமாகத் தள்ளத் தள்ளச் சங்கிலிகள் வரிசைப்பட்டு வழுக்குவதால் குழம்பு இளகிவிடுகிறது.

அதற்காக வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பட்டறை அண்ணன் குமிழைத் திருகிக் காட்டினார்: பளபளத்த இழை சொரசொரத்து, சுறாத்தோல் மாதிரி ஆனது. துளைக்குள் சுவரை ஒட்டிய படலம் அநேகமாக நகர்வதே இல்லை. வாயைத் தாண்டிய கணமே அது நடுப்பகுதியின் வேகத்துக்கு எகிற வேண்டும். அந்த இழுப்பில் தோல் கிழிகிறது. சுவர் உரசல் சுமார் 0.1 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பொலித்தீனில் இந்தத் தொல்லை தொடங்கும். பெரிய ஆலைகளில் ஒட்டாச் சட்டிப் பூச்சின் இனத்தைச் சேர்ந்த புளோரின் பொலிமரைத் துளி கலப்பார்கள்; அது சுவரில் படிந்து குழம்பை வழுக்கவிடும். இங்கே குமிழைப் பின்னால் திருகுவதுதான் வைத்தியம்.

ஊதிய இழைதான் என்றாலும் குருணை மெல்லிசாகத்தான் விழுகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் இருக்கும் உருளைகள், இழை வரும் வேகத்தைவிடக் கூடுதலாக அதை இழுக்கின்றன.