ஹீட் சிங்க்: உறிஞ்சியா, வடிகாலா?

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கு ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டைத் தணிக்க அதன்மேல் ஒட்டும், தகடுகள் கொண்ட அலுமினியத் துண்டு) வேண்டுமா என்று பேசும் இடத்திலெல்லாம் 'வெப்ப உறிஞ்சி' என்ற சொல் காதில் விழுகிறது. இந்தச் சொல் தவறு. அதைவிட, தவறான முடிவையும் எடுக்க வைக்கிறது.

ஆங்கிலத்தில் சிங்க் என்றால் அமிழ்தல். பிறகு கழிவுநீர் இறங்கும் குழி, சமையலறைத் தொட்டி. வெப்ப இயக்கவியலில் வெப்பம் போய்ச் சேரும் இடம். முதல் பொருளோடு நின்றவர்கள் 'வெப்ப மூழ்கி' என்றார்கள். அது பிழை என்பதில் விவாதிக்க எதுவுமில்லை.

'உறிஞ்சி' அப்படியல்ல, சரிபோலத் தோன்றி ஏமாற்றும். மை உறிஞ்சும் தாள் மையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அலுமினியத் துண்டு சூட்டை வைத்துக்கொண்டால் சற்று நேரத்தில் சிப்பின் சூட்டுக்கே வந்துவிடும், பிறகு அது இருந்தும் பயனில்லை. சிப்பின் சிறு பரப்பிலிருந்து சூட்டை வாங்கி, தகடுகளின் பெரும்பரப்பு வழியே காற்றில் விடுவதே அதன் வேலை. 'உறிஞ்சி' என்று நம்புகிறவர் துண்டை ஒட்டி, துளையில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் பலகையை மூடிவிடுகிறார். சூடு வெளியேற வழியே இல்லை. உண்மையான வெப்ப உறிஞ்சி மொட்டைமாடியில் இருக்கிறது: சூரிய வெந்நீர் கருவியின் கருந்தகடு. வெயிலை உள்ளே வாங்குகிற அதற்கும், சூட்டை வெளியே தள்ளுகிற இதற்கும் ஒரே பெயரா? அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

என் தேர்வு 'வெப்ப வடிகால்'. வடிகால் தண்ணீருக்குத்தானே என்பார்கள். மனக்குமுறலுக்கு ஒரு வடிகால் வேண்டும் என்று நாம் சொல்வதில்லையா? தேங்கவிடாமல் வெளியேற்றும் வழி என்ற பொருள் தமிழில் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது. ஹீட் சிங்க் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அப்படித்தானே கேட்டு வாங்குகிறோம்.

வடிகால் என்று நினைத்தால் கேள்வியும் சரியாக வரும்: எவ்வளவு சூடு பிறக்கிறது, எங்கே வடியும்? ராஸ்பெரி பை 4-இன் சிப் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டு இணையத்தில் விளம்பரங்களைத் தடுப்பதுபோன்ற இலேசான வேலைக்கு வெறும் பலகையே போதும். சிப்பின் நான்கு கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) நெடுநேரம் ஓடும் வேலைக்கு ஹீட் சிங்க் வேண்டும், காற்று போக வழியும் வேண்டும்.

ஆர்டுவினோ ஊனோ R3 என்ற மின்னணுப் பலகையில் பிரதான சிப் பெரிதாகச் சுடாது. 12 வோல்ட் அடாப்டர் செருகினால் சுடுவது மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர்தான். 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், மிஞ்சும் 7 வோல்ட் 1.4 வாட் சூடாகிறது. அங்கே எதையும் ஒட்ட வேண்டாம், யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுங்கள்.