வித் ஃப்ளையிங் கலர்ஸ்: பறப்பது நிறமல்ல, கொடி

தேர்வு முடிவு வரும் நாளில் ஆங்கிலத்தில் தவறாமல் காதில் விழும் தொடர் இது. ஒருவர் 'வித் ஃப்ளையிங் கலர்ஸ்' பாஸ் செய்தார் என்றால் வெறுமனே தேறினார் என்பதல்ல, பிரமாதமாகத் தேறினார் என்று பொருள். 35 மார்க்கில் கரையேறியவரிடம் சொன்னால் கிண்டலாகிவிடும்.

இதில் வரும் 'கலர்ஸ்' என்பது கொடி. கப்பலும் படைப்பிரிவும் ஏந்தும் கொடிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. வழக்கு இன்னும் போகவில்லை. 2022 ஜூலை 31 அன்று சென்னையில் தமிழ்நாடு காவல்துறைக்கு வழங்கப்பட்ட குடியரசுத் தலைவர் கொடியை ஆங்கிலத்தில் 'பிரசிடென்ட்ஸ் கலர்' என்றுதான் சொல்கிறார்கள்.

பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போரில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாக அர்த்தம். 1797 அக்டோபர் 11, டச்சுக் கடற்கரைக்கு அப்பால் கேம்பர்டவுன் போர். பிரிட்டிஷ் தளபதி டங்கன் இருந்த 'வெனரபிள்' கப்பலில் பாய்மரத்தின் மேல்பகுதி குண்டுபட்டு முறிய, தளபதியின் கொடி கீழே வந்துவிட்டது. தலைவரே பணிந்துவிட்டார் என்று மற்றக் கப்பல்கள் நினைத்துவிட்டால் கதை கந்தல். ஜாக் கிராஃபர்ட் என்ற மாலுமி சண்டை நடக்கும்போதே மரத்தில் ஏறி, கொடியை ஆணி வைத்து அடித்தார். போரில் பிரிட்டிஷாரே ஜெயித்தார்கள்.

ஆக, கொடி பறக்கத் துறைமுகம் திரும்பும் கப்பல் பணியாத கப்பல். பாய் கிழிந்திருக்கலாம், ஆள் குறைந்திருக்கலாம், அது வேறு. பரீட்சைக்கும் நேர்காணலுக்கும் இந்தத் தொடர் பிற்பாடு வந்து சேர்ந்தது. 'ட்ரூ கலர்ஸ்' என்பதும் இதே கொடிதான். அந்த இடத்தில் நாம் 'சாயம் வெளுத்தது' என்கிறோம். வேடிக்கை, நிஜமாகவே நிறத்தைப் பேசுவது தமிழ்தான்!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பறக்கும் வண்ணங்களுடன்' என்று எழுதினால் பட்டம் விடும் திருவிழாதான் ஞாபகத்துக்கு வரும். 'கொடிகட்டிப் பறந்தார்' பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அது ஒருவர் ஒரு துறையில் செல்வாக்கோடு இருந்த காலத்தைச் சொல்வது, ஒரு நாள் தேர்வுக்கு ஒட்டாது. 'வாகை சூடினார்' என்பதற்கு எதிரே தோற்றவர் ஒருவர் வேண்டும். போட்டிக்கும் தேர்தலுக்கும் சரி, டிரைவிங் டெஸ்டுக்கு வாகை சூடினால் சிரிப்பார்கள். எழுத்தில் 'சிறப்பாகத் தேறினாள்' போதும். பேச்சில் 'ஜம்முனு பாஸ் பண்ணிட்டா'. 'வெற்றிக்கொடி நாட்டினாள்' என்பதை மாநில அளவில் முதலிடம் பிடித்தவளுக்கு எடுத்து வைக்கலாம்.