தந்தி அறுந்தால் சொல்லிவிடுங்கள்

விஜயதசமிக்கு முந்தைய வாரம் என் இசைக்கருவிக் கடையில் நிற்க இடம் இருக்காது. புதுச்சேரியில் பிள்ளையைப் பாட்டுக்கோ வயலினுக்கோ சேர்க்க நினைக்கிற பெற்றோர் பலர் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருப்பார்கள். லாஸ்பேட்டைக் குடும்பம், வில்லியனூர்க் குடும்பம், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்த தாத்தாவும் பேத்தியும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். கருவிகள் அடிபடுவதும் அந்த நேரத்தில்தான்.

போன வருஷம் அப்படி ஒரு மாலை. எட்டு வயசுப் பெண்ணோடு ஒருவர் வந்தார். அரை அளவு வயலின் ஒன்றைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு, வேறொருவருக்குச் சுருதிப்பெட்டி காட்டப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி ஜிப் போட்டு மூடியிருந்தது. "அண்ணே, அப்புறம் வர்றோம்" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பிவிட்டார். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். ஈ தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது. மற்ற மூன்றும் தொளதொளவென்று தளர்ந்திருந்தன. தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்னப் பலகையான குதிரை படுத்துவிட்டது. வயலினைத் தூக்கினால் உள்ளே 'லொட லொட' என்று ஏதோ உருளும் சத்தம்.

அறுந்த தந்திக்காக நான் யாரிடமும் காசு கேட்பதில்லை. கேட்கவும் கூடாது என்பது என் கட்சி. தந்தி என்றைக்கு இருந்தாலும் அறுகிற பொருள்தான். என்னைப் பயமுறுத்தியது உள்ளே உருண்ட சத்தம்.

வயலினின் வயிற்றுக்குள், குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், பென்சில் கனத்தில் ஒரு குச்சி நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்போம். முழு அளவு வயலினில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனம். பசை கிடையாது, ஆணி கிடையாது. மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே இறுக்கத்தில்தான் நிற்கிறது. குதிரையும் அப்படியே. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் முதலில் குதிரை சாயும், பிறகு குச்சி விழும். குச்சி விழுந்தது தெரியாமல் யாராவது தந்தியை மறுபடி முறுக்கினால், தாங்க ஆளில்லாத மேல் பலகை உள்வாங்கும், சில சமயம் கீறலும் விடும். முழு அளவு வயலினில் நான்கு தந்திகளின் இழுவை சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும்.

அன்றைக்கு என் கடைப் பையன் அதை எடுத்துச் சாதாரணமாக ஒரு தந்தி மாட்டி முறுக்கியிருந்தால் வயலின் போயிருக்கும். அறுந்தது நூறு ரூபாய்ச் சமாச்சாரம். மறைத்ததால் போக இருந்தது முழு வயலின்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா', தன் பழைய வயலினை என்னிடம்தான் பழுது பார்க்கக் கொடுப்பார். அந்தக் குச்சியைக் காட்டி, "தம்பி, இதுக்கு பிரெஞ்சுல என்ன பேர் தெரியுமா? ஆம்" என்றார். நான் எதற்கோ சரி என்கிறார் என்று நினைத்தேன். ஆம் என்றால் அந்த மொழியில் ஆன்மா.

சரி, ஈ தந்தி ஏன் அறுந்தது? போனில் இருக்கும் டியூனர் ஆப். அது ஸ்வரத்தின் பெயரை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று பல ஆப்களில் பளிச்சென்று தெரியாது. தந்தி ஏற்கெனவே சுருதியைத் தாண்டிப் போயிருக்கும். அது தெரியாமல், ஆப் கேட்கிற எழுத்து வரட்டும் என்று மேலே மேலே முறுக்கிக்கொண்டே போவார்கள். அடுத்த ஸ்தாயி வருமுன் 'டப்'. வயலினில் தந்தியை முறுக்குகிற திருகான பிரடை, மரத்தில் மரம் உரசி நிற்பது. அதை இலேசாக உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும், கால் சுற்று திரும்பினாலே சுருதி எங்கேயோ போய்விடும். குழாய் திறக்கிற மாதிரித் திருப்பினால் அவ்வளவுதான். கடையில் இருக்கும்போது சுருதி சேர்க்கிற வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.

வீணைக்கு வருகிறேன். இதில் நானே குற்றவாளி. பத்தொன்பது வயதில் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் நம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போகும் என்பதால், கடலூர்க்காரன் என்று சொன்னாலே அங்கே கொஞ்சம் மரியாதை உண்டு. (2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் சாய்ந்த பலா மரங்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டறைதான்.) ஒரு நாள் வீணையை இடம் மாற்றி வைக்கத் தூக்கினேன். வீணையின் நீண்ட கழுத்தான தண்டியை அடியிலிருந்து ஏந்தாமல், கம்பைப் பிடிப்பதுபோல மேலே கை போட்டுப் பிடித்தேன். வீணையில் ஸ்வரம் பிரிக்கிற குறுக்குக் கம்பிகளான 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்து நிற்கின்றன. தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து காய்ச்சிய கறுப்பு மெழுகு. சித்திரை மாதத்து வெயில் வேறு. என் உள்ளங்கைக்குக் கீழே இரண்டு மெட்டு நெகிழ்ந்ததை நானே உணர்ந்தேன். கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் வீணைக்குரிய அம்மா வந்து சரளி வரிசை ஒன்று வாசித்தார். மத்திமத்தில் கை வைத்ததும் முகம் மாறியது. ஆசாரி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று முழுக்க உட்கார்ந்து மறுபடி மேளம் கட்டினார், அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதித்தார். மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மறைப்பது சுலபமாக இருக்கிறது.

மிருதங்கத்தில் வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், கறுப்பு வட்டமான கரணையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சோற்றையும் கல் பொடியையும் சேர்த்து அப்பி அப்பி வைத்த அடுக்குகள் அவை. ஒரு செதில் பெயர்ந்தாலும் நாதம் மாறிவிடும். சுருதி கூட்டுகிற கல்லை எடுத்து விளிம்பு மூட்டில் தட்டுவதற்குப் பதில் தோலிலேயே போட்டவர் ஒருவர். கேட்டால், "வீடியோவில் பார்த்தேன்" என்றார்.

இன்னொன்றை 2020-க்குப் பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன். கடைக்குள் நுழைந்ததும் சானிடைசர் பூசிக்கொண்டு ஈரக் கையோடு வயலினைத் தொட்டார் ஒருவர். நல்ல எண்ணம்தான். ஆனால் அரக்கு வார்னிஷை ஆல்கஹால் கரைக்கும். விரல் ரேகை நான்கும் பதிந்து இன்றும் அந்த வயலினில் இருக்கின்றன. கை நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள். வில்லின் மயிரை மட்டும் காய்ந்த கையாலும் தொட வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வில்லுக்குப் பூசுகிற பிசினான ரோசின் பிடிக்காது.

கிடாருக்கு எதிரிகள் வேறு: பெல்ட் பக்கிள், மோதிரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட். கொஞ்சம் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தே வாசித்துப் பாருங்கள். ரொம்பக் கெட்ட பழக்கம், வாசித்துவிட்டுச் சுவரில் சாய்த்து வைப்பது. வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் தலைப்பக்கம்தான் விரியும். அப்படி விரிந்த ஒன்றை யாரோ வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக் கொண்டுவந்தார்கள். புது விரிசல் என்றால் மரப் பசை விட்டு, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் அசையாமல் வைத்தால் பல சமயம் பழையபடி நிற்கும். ஃபெவிக்விக் ஊறிய மரத்தில் மரப் பசை இறங்காது. அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

வாடிக்கையாளரை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அது நியாயமில்லை. வாசலை ஒட்டித் தரையில் மிருதங்கம் வைத்திருந்தேன், ஒரு பையன் தடுக்கி விழுந்தான். அவன் அம்மா பர்ஸைத் திறந்தார். மூடச் சொன்னேன். நடக்கிற வழியில் வைத்தவன் நான். 'உடைத்தால் வாங்க வேண்டும்' என்று அட்டை மாட்டிய கடைகள் உண்டு. அந்த அட்டைதான் ஆட்களை ஜிப்பை மூடிவிட்டு ஓட வைக்கிறது என்று நினைக்கிறேன். விலை உயர்ந்த கருவியைக் கேட்டால் நானே பக்கத்தில் நிற்பேன். அவ்வளவுதான் என் காவல்.

வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவர்களுக்கு விஷயம் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-வது பிரிவு, நம்பிக் கொடுத்த பொருளைச் சொந்தப் பொருளைப்போலப் பொறுப்போடு பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 24-வது பிரிவும் உண்டு. பிடித்திருக்கிறது என்று சொன்னாலோ, பேசிய கெடு தாண்டியும் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டாலோ அது உங்களுடையதாகிவிடும். ஆகவே கெடுவைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கிற கீறல்களைக் கடையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நானும் எடுப்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீணையை வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். மெழுகு உருகும்வரை போக வேண்டியதில்லை. இளகினாலே மெட்டு நகர்ந்துவிடும்.

அந்த அப்பா இரண்டு வாரம் கழித்து வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் பெண்ணே சொல்லிவிட்டாள்: "அங்கிள், அப்பாதான் அறுத்துட்டாரு." தந்தி அறுந்ததும் பயந்துபோய், மற்றதும் அறுந்துவிடுமோ என்று எல்லாவற்றையும் தளர்த்தி வைத்தாராம். நல்லதைத்தான் நினைத்திருக்கிறார். அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் என் டார்ச்சை எடுத்து வயலினின் எஃப் துளை வழியாக உள்ளே அடித்துப் பார்த்தாள். நான் எஸ் வடிவக் கம்பியால் அரைமணி நேரம் போராடி நிறுத்தியிருந்த குச்சி அங்கே நேராக நின்றது.

"இது விழுந்தா யாருக்குச் சொல்லணும்?"

"எனக்கு."

அதே வயலினைத்தான் வாங்கிப் போனார்கள். பெட்டியில் கூடுதலாக ஒரு ஈ தந்தி போட்டுக் கொடுத்தேன்.