வெல்ஃபேர் செக்: சோதனையா, விசாரணையா?

"அம்மை ரெண்டு நாளாட்டு போன் எடுக்கல்ல. ஒருக்கா ஆளு போயி பாக்க முடியுமா சார்?" பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியே என்றிருக்கும் குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. குற்றமோ புகாரோ இல்லாமல், ஒருவர் பத்திரமாக இருக்கிறாரா என்று காவலர் நேரில் போய்ப் பார்ப்பதை அமெரிக்காவிலும் கனடாவிலும் 'வெல்ஃபேர் செக்' என்கிறார்கள்.

வெல்ஃபேர் என்பது பழைய ஆங்கிலத்தில் 'நன்றாகப் போதல்'. செக் சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. பாரசீக 'ஷா', அதாவது அரசன், அதன் வேர்.

இதை 'நலச் சோதனை' என்று பெயர்ப்பது தவறு. போலீஸ் வாயில் சோதனை என்றால் வீட்டைக் கிளறுவது. 'நலன் விசாரணை'யும் அப்படித்தான். விசாரி என்ற வினை சாதுவானது. கல்யாண வீட்டில் எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கிறார்கள். அதுவே விசாரணை என்று பெயர்ச்சொல்லானதும் லத்தி வந்துவிடுகிறது. 'விசாரப்படாதே' என்னும்போதோ அது கவலை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் என்பதால் மலையாளத்தில் புழங்கும் 'க்ஷேமம்' இங்கே அந்நியமில்லை. பாதுகாப்பு, நலம் இரண்டும் அதில் உண்டு; ஆனால் இன்று எழுதினால் கேரளத்தின் 'க்ஷேம பென்ஷன்' என்ற ஓய்வூதியம்தான் நினைவுக்கு வரும். 'நலம் அறிதல்' என்பதே பொருந்தும். வாசலில் நிற்கும் காவலருக்கு அதுவும் வேண்டாம். "சுகமா இருக்கியளான்னு பாத்துட்டுப் போக வந்தோம்" போதும்.

உள்ளூரிலிருந்து 112-ஐ அழைக்கலாம். வெளிநாட்டிலிருந்து அழுத்தினால் அந்த நாட்டின் அவசர உதவிக்கே போகும், அல்லது எங்கும் போகாது. எனவே உள்ளூர்க் காவல் நிலையத்தின் தரைவழி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு முன்பே குறித்து வைக்க வேண்டும். கதவு எண்ணை மட்டும் சொன்னால் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீடு கிடைக்காது. விளையின் (தோட்ட நிலத்தின்) பெயர், பக்கத்துக் கோயில் அல்லது குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்), வீட்டுப் பெயர், கடைசியாகப் பேசிய நாள், நோய், மருந்து, மாற்றுச் சாவி யாரிடம், நாய் உண்டா என்பதைச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் பிழை நேர்வது வாசலில். "உள்ளதான் இருக்காவ" என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுத் திரும்பினால் அது நலம் அறிதல் ஆகாது. ஆளைக் கண்ணால் கண்டு, இரண்டு வார்த்தை பேச வேண்டும். கதவு திறக்காவிட்டால் பால் பாக்கெட், எடுக்காத பத்திரிகை, பகலில் எரியும் விளக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்தாழ்ப்பாள் போட்டிருந்து குரலும் இல்லையென்றால், அண்டை வீட்டாரைச் சாட்சியாக நிறுத்தித் தீயணைப்புத் துறை உதவியோடு திறப்பது நல்லது. விழுந்து கிடந்தால் 108. இறந்திருந்து, அது இயற்கை மரணமாகத் தெரியாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 194-இன்படி விசாரணை. இங்கே அந்தச் சொல் சரிதான்.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்துக்கான மாதிரி விதிகள், தனித்து வாழும் முதியோர் பட்டியலை நிலையத்தில் வைத்து, மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் பெயர் உண்டா என்று கேட்டறிவது பிள்ளைகளின் வேலை. முதியோர் உதவிக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

வீட்டுக்குள் இருப்பவர்கள் மட்டுமல்ல. தண்டவாளம் முடியும் ஊர் கன்னியாகுமரி; எங்கோ ரயிலேறி மனம் கலங்கி வந்திறங்குபவர்களும் உண்டு. அப்படித் திரிபவர் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-இன்படி நிலைய அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமற்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும்.

பதிவேட்டில் "விசாரித்ததில் நலம்" என்று எழுதினால் யாரை விசாரித்தார்கள் என்பது தெரியாது. "மாலை 4.20-க்கு நேரில் கண்டு பேசினேன், மாத்திரை தீர்ந்துள்ளது, மகனுக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று எழுதினால் தெரியும்.